ஒன்பதாம் வகுப்பு வாக்கியக் கணக்குகளுக்கு ஜியோஜீப்ரா: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டு மாடியில் வாரத்தில் நான்கு நாள் மாலை ஆறு மணிக்கு ஏழு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். ஐவர் ஒன்பதாம் வகுப்பு, இருவர் பத்தாம் வகுப்பு. பணி ஓய்வுக்குப் பிறகு கட்டணம் எதுவும் வாங்காமல் அவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். இரண்டு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகள் என்ற பாடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே காட்சியைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். சமன்பாடுகள் இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிரதியிடல் முறையிலோ (ஒரு மாறியை மற்றதால் எழுதிப் போடுவது) நீக்கல் முறையிலோ (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை அகற்றுவது) ஏழு பேரும் விடை கொண்டுவந்துவிடுவார்கள். அதே சமன்பாடுகள் ஒரு சந்தைக் கதைக்குள்ளோ தாய் மகள் வயதுக்குள்ளோ ஒளிந்திருந்தால், மூன்று வரியைப் படித்து முடித்ததும் பேனா நின்றுவிடும். வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்கு வரும் அந்த ஒரு படிதான் பாடத்தின் கடினமான இடம். அந்தப் படியில் ஒரு கைபேசிச் செயலி எவ்வளவு உதவும் என்பதைக் கடந்த ஓராண்டாக ஜியோஜீப்ராவை வைத்துப் பார்த்தேன். பெற்றோருக்கும் என்னைப் போல வீட்டில் சொல்லித் தருபவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

ஜியோஜீப்ராவை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ஆம் ஆண்டில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் இது. வடிவியலுக்கும் இயற்கணிதத்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை இணைத்து இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியதாக அறிவிக்கப்பட்டபோது இனிக் கட்டணம் வந்துவிடுமோ என்ற கவலை என்னைப் போன்றவர்களுக்கு இருந்தது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்நாட்டு அரசின் கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள குறியீட்டைக் கைபேசியால் வருடினால் திறக்கும் பணித்தாள்களில் பல ஜியோஜீப்ராவில் செய்தவைதான். ஆகவே பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிய பெயராக இராது. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் பணித்தாளைத் திறந்து பார்ப்பதும், வெற்றுத் திரையில் தன் சமன்பாட்டைத் தானே தட்டிப் பார்ப்பதும் வேறு வேறு அனுபவங்கள். இங்கே நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி. இந்த வேலைக்கு அதன் கிராஃபிங் கால்குலேட்டர் செயலி ஒன்றே போதும். நிறுவியபின் இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது என்பதால், அம்மாவின் கைபேசியில் அன்றைய டேட்டா தீர்ந்துபோன பிள்ளையும் பின்தங்குவதில்லை.

முதல் நாள் நான் கொடுத்த கணக்கை அப்படியே சொல்கிறேன். ஊர்ப் பள்ளியில் நடந்த நாடகத்துக்கு 120 பேர் வந்தார்கள். பெரியவருக்கு நுழைவுச்சீட்டு 50 ரூபாய், சிறுவருக்கு 20 ரூபாய். மொத்த வசூல் 4500 ரூபாய். பெரியவர் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர்?

எதையும் தீர்க்க வேண்டாம், முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பெரியவரின் எண்ணிக்கையைப் பெ என்றும் சிறுவரின் எண்ணிக்கையைச் சி என்றும் வைத்தால் அந்த வாக்கியம் பெ + சி = 120 ஆகிறது. செயலியில் பெ இருக்கும் இடத்தில் எக்ஸ் எழுத்தையும் சி இருக்கும் இடத்தில் ஒய் எழுத்தையும் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. தட்டினார்கள். திரையில் எதுவும் வரவில்லை. இது புதியவர் எல்லாரும் தடுமாறும் இடம் என்பதால் குறித்துவைக்கிறேன்: செயலியைத் திறந்தவுடன் தெரிவது ஆதிப்புள்ளியைச் சுற்றியுள்ள சிறு பகுதிதான், 120 என்ற எண் அந்தச் சன்னலுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. இரண்டு விரலால் திரையைச் சுருக்கிக்கொண்டே போனால் கோடு கண்ணுக்குத் தெரியும்.

கோடு வந்ததும் அதன்மேல் ஒரு புள்ளியை வைத்து விரலால் இழுக்கச் சொன்னேன். புள்ளி நகர நகர அதன் ஆயத்தொலைவுகள் மாறுகின்றன. 100 பெரியவர் 20 சிறுவர். 80 பெரியவர் 40 சிறுவர். 60 பெரியவர் 60 சிறுவர். எங்கே நிறுத்தினாலும் கூட்டல் 120 தான். ஒரு வாக்கியம் ஒரே விடையைத் தருவதில்லை, தனக்குப் பொருந்தும் விடைகள் எல்லாவற்றையும் ஒரு கோட்டில் அடுக்கி வைக்கிறது என்பதை நான் பல ஆண்டுகள் வாயால் சொல்லியிருக்கிறேன். விரலால் இழுத்துப் பார்த்த பிள்ளைகள் அதை ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்ததாக, அந்தப் புள்ளியின் முதல் ஆயத்தொலைவை 50-ஆலும் இரண்டாவதை 20-ஆலும் பெருக்கிக் கூட்டும் ஒரு வரியைச் செயலியில் எழுதிக் கொடுத்தேன். இப்போது புள்ளியை இழுத்தால் வசூல் தொகையும் கூடவே மாறுகிறது. 60 பெரியவர் இருந்தால் 4200 ரூபாய், 80 பேர் என்றால் 4800 ரூபாய். 4500-ஐத் தேடி முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, ஒரு சிறுவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்தால் ஒவ்வொரு முறையும் 30 ரூபாய்தான் கூடுகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். பிறகு காகிதத்தில் எழுதினாள்: வந்தவர் எல்லாரும் சிறுவர் என்றால் 2400 ரூபாய், மீதி 2100 ரூபாய், 2100-ஐ 30-ஆல் வகுத்தால் 70 பெரியவர். சமன்பாட்டைத் தீர்க்காமலேயே விடை வந்துவிட்டது. பிரதியிடல் முறையில் இதே கணக்கைச் செய்தால் இடையில் 30பெ = 2100 என்ற வரி வரும். அந்த 30 எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் முன்பெல்லாம் 50-லிருந்து 20-ஐக் கழித்தோம் என்பார்கள். இப்போது நாற்காலி மாறுகிறது சார் என்று சொல்கிறார்கள்.

இரண்டாவது வாக்கியம் 50பெ + 20சி = 4500. அதையும் தட்டினால் இரண்டாவது கோடு வந்து முதல் கோட்டை 70, 50 என்ற இடத்தில் வெட்டுகிறது. வெட்டும் இடத்தைக் காட்டும் கருவியைத் தேர்ந்து இரு கோடுகளையும் தொட்டால் புள்ளி தானாக விழும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அது செயலியின் குறை என்று சொல்வதற்கில்லை. கோட்டின்மேல் இழுக்கும் புள்ளி முழு எண்களில் மட்டும் நிற்பதில்லை, 73.4 பெரியவர், 46.6 சிறுவர் என்றும் காட்டும். வசூலைத் தவறுதலாக 4550 என்று தட்டிய ஒரு பையனுக்கு 71.67, 48.33 என்று விடை வந்தது. அதை அவன் நோட்டில் எழுதியும் விட்டான். கோட்டுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியாது. எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கணக்கின் வாக்கியத்துக்குள் சொல்லாமலே இருக்கிறது, அதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாலை முழுவதும் இதைப் பற்றியே பேசினோம். பால், அரிசி, தூரம், நேரம் போன்றவற்றில் பின்னம் வரலாம், ஆட்களிலும் நாற்காலிகளிலும் வரக்கூடாது என்று பிள்ளைகளே ஒரு பட்டியல் போட்டார்கள். துல்லியமான பின்னம் தேவைப்படுவோர் இதே குடும்பத்தில் இயற்கணிதத்தைக் குறியீடுகளாகவே கையாளும் சிஏஎஸ் கால்குலேட்டரில் தீர்க்கும் கட்டளையைக் கொடுத்தால் 215-இன் கீழ் 3 என்று பின்னமாகவே கிடைக்கும்.

வயதுக் கணக்கில்தான் இந்தச் செயலியின் அருமையை நான் முழுமையாக உணர்ந்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல 7 மடங்கு; ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு ஆகும்; இப்போதைய வயதுகள் என்ன? தாயின் இன்றைய வயது அ, மகளின் இன்றைய வயது ம. ஏழு பேரில் நால்வர் முதல் வாக்கியத்தை அ − 5 = 7ம என்று எழுதினார்கள். தாயை ஐந்து ஆண்டு பின்னால் கொண்டுபோனவர்கள் மகளை இன்றைக்கே விட்டுவிட்டார்கள். இந்தப் பிழையை நான் சிவப்பு மையால் திருத்தியது எத்தனை முறை என்று கணக்கில்லை. அன்று திருத்தாமல், தட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சரியாக எழுதியிருந்த இரண்டாவது வாக்கியமான அ + 5 = 3(ம + 5) என்பதன் கோட்டை அது வெட்டிய இடம் 13.75, 1.25.

"சார், அம்மாவுக்குப் பதிமூன்றே முக்கால் வயசா வருது?"

"மகளுக்கு?"

"ஒன்றேகால். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவ பிறக்கவே இல்லையே சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன பையனே நோட்டை எடுத்து, ம இருந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு ம − 5 என்று மாற்றினான். அ − 5 = 7(ம − 5), அ + 5 = 3(ம + 5). கோடு நகர்ந்து, வெட்டுப்புள்ளி 40, 10 என்று வந்தது. சரிபார்த்தார்கள்: முன்பு 35-உம் 5-உம், பின்பு 45-உம் 15-உம். பிழையான சமன்பாடும் செயலியில் ஒழுங்காகவே கோடாக வரும், எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் விடை நொடியில் கண்முன் வந்துவிடுவதால், அதை எடுத்துக்கொண்டு கதைக்குள் திரும்பிப் போய் 'இது நடக்குமா' என்று கேட்க நேரமும் தெம்பும் மிஞ்சுகின்றன. கையால் இரண்டு பக்கம் நீக்கல் செய்து களைத்தபின் அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் இன்னொரு செயலியோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதன் பெயர் வேண்டாம். கணக்கைப் படம் பிடித்தால் படிகளோடு விடை தரும், மாதக் கட்டணம் வாங்கும் வகையைச் சேர்ந்தது. என் மாணவர்களில் ஒருவருடைய தந்தை பணம் கட்டி அதை வாங்கிக் கொடுத்தார். பிள்ளை இரண்டு வாரம் வீட்டுப்பாடம் முழுவதையும் பிழையின்றிக் கொண்டுவந்தான். மூன்றாவது வாரம் அதே வயதுக் கணக்கில் எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தபோது முதல் வரியையே எழுத முடியவில்லை. காரணம் எளிது. எதை மாறியாக எடுப்பது, வாக்கியத்தை எப்படிச் சமன்பாடாக்குவது என்ற பகுதி அந்தச் செயலியில் ஆயத்தமாக வந்துவிடுகிறது. பிள்ளைக்கு எஞ்சியது நகலெடுப்பது மட்டும். ஜியோஜீப்ரா இதற்கு நேர்மாறாகப் பகுத்துக்கொள்கிறது. வாக்கியத்தை அது படிக்காது. சமன்பாட்டை நாம் கொடுத்தால்தான் கோடு. பிள்ளை கற்க வேண்டிய வேலை பிள்ளையிடமே இருக்கிறது, அலுப்பூட்டும் வேலையை மட்டும் கருவி வாங்கிக்கொள்கிறது. இந்தப் பாடத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க முதற்காரணம் இதுதான்.

எழுத்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்' என்ற வாக்கியத்தை 30மா = ஆ என்று எழுதுவது உலகெங்கும் காணப்படும் பிழை; 1980-களிலேயே கல்வி ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சொற்கள் வரும் வரிசையிலேயே குறிகளையும் வைத்துவிடுகிறோம். மா என்பது மாணவர் என்ற ஆளாகவே மனதில் நிற்கிறது, மாணவர்களின் எண்ணிக்கையாக நிற்பதில்லை. இந்தக் கோட்டையும் வரைந்து அதன்மேல் புள்ளியை இழுத்தால் 1 மாணவருக்கு 30 ஆசிரியர் என்று காட்டும். ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் நான் போகமாட்டேன் சார் என்றாள். அதற்குப் பிறகு எந்தச் சமன்பாட்டை எழுதினாலும் கோட்டின்மேல் ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்து வாக்கியத்தோடு ஒத்துப்பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

இரண்டிலக்க எண் கணக்குகளிலும் இதேபோல் ஒரு நன்மை கிடைத்தது. இலக்கங்களின் கூடுதல் 9. இடம் மாற்றினால் எண் 27 கூடுகிறது. பத்தாம் இடத்து இலக்கத்தையும் ஒன்றாம் இடத்து இலக்கத்தையும் அருகருகே எழுதிவிட்டு அதையே எண் என்று நினைப்பவர்கள் அப்படியே செயலியில் தட்டினால், அது பெருக்கலாக எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் ஒரே பெருக்கல் ஆகி 27 மட்டும் அநாதையாக நிற்பதால் கோடே வராது. கோடு வராதபோது எழுந்த கேள்வியிலிருந்துதான் 36 என்பது 10 × 3 + 6 என்ற இடமதிப்புப் பாடத்துக்குத் திரும்பிப் போனோம். விடை 36, மாற்றினால் 63.

நீக்கல் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தச் செயலி எனக்கே ஒன்றைச் சொல்லித் தந்தது இங்கேதான். கன்னட நாட்டில் இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் ஒரு பழக்கணக்கு தருகிறார். எலுமிச்சை இனத்துப் பெரிய பழம் 9-உம் விளாம்பழம் 7-உம் சேர்ந்து விலை 107. அதே பழம் 7-உம் விளாம்பழம் 9-உம் சேர்ந்து விலை 101. ஒன்றின் விலை என்ன? எண்கள் இடம் மாறி நிற்பதைக் கவனித்தால் நீக்கலுக்குப் பெருக்கவே வேண்டாம். இரண்டையும் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 16 பழம், விலை 208. ஆகவே ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 13. கழித்தால் விலை வேறுபாட்டின் 2 மடங்கு 6. ஆகவே விலை வேறுபாடு 3. பெரிய பழம் 8, விளாம்பழம் 5. பிள்ளைகள் விளாம்பழத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கில் தங்கள் ஊர்ப் பழம் வந்ததில் அவர்களுக்கு உண்மையான மகிழ்ச்சி.

இந்த நான்கு சமன்பாடுகளையும், அதாவது கொடுத்த இரண்டு, கூட்டி வந்த ஒன்று, கழித்து வந்த ஒன்று, எல்லாவற்றையும் செயலியில் தட்டினோம். நான்கு கோடுகளும் 8, 5 என்ற ஒரே புள்ளி வழியாகப் போயின. இரண்டு சமன்பாடுகளைக் கூட்டினாலும் கழித்தாலும் புதுக்கோடு பிறக்கிறது, ஆனால் அது பழைய வெட்டுப்புள்ளியை விட்டு விலகுவதில்லை. அதனால்தான் நீக்கல் முறையில் விடை கெடுவதில்லை.

இதன் அடுத்த படியாக நாடகக் கணக்குக்கே திரும்பி, (50பெ + 20சி − 4500) + க(பெ + சி − 120) = 0 என்று தட்டினோம். க என்பதற்கு வேறு எழுத்து எதைத் தட்டினாலும் செயலி அதன் மதிப்பை விரலால் இழுத்து மாற்ற ஒரு ஸ்லைடர் அமைத்துத் தருகிறது. தொடக்கத்தில் ஸ்லைடரின் எல்லை −5 முதல் 5 வரைதான் இருக்கும். அதை −60 முதல் 0 வரை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது ஸ்லைடரை மெல்ல நகர்த்தினால் கோடு 70, 50 என்ற புள்ளியில் ஆணி அடித்ததுபோல் நின்று சுழல்கிறது. க −20 ஆகும்போது கோடு செங்குத்தாக எழுந்து நிற்கிறது; சமன்பாட்டைப் பார்த்தால் 30பெ = 2100, சிறுவர் காணாமல் போயிருக்கிறார்கள். −50-க்குக் கொண்டுபோனால் கோடு கிடையாகப் படுத்துக்கொள்கிறது. பெரியவர் மறைந்து சிறுவர் 50 என்று நிற்கிறது. நீக்குவது என்றால் கோட்டை நிமிர்த்துவது அல்லது படுக்க வைப்பது என்று இப்போது என் மாணவர்கள் சொல்கிறார்கள். எதனால் பெருக்குவது என்று தேடுவது எந்தக் கோணத்துக்குச் சுழற்றுவது என்று தேடுவதுதான் என்பது எனக்கும் இத்தனை வயதுக்குப் பிறகு கண்ணால் கண்ட பாடம்.

ஒரே ஒரு விடை கிடைக்காத சமன்பாட்டுச் சோடிகளை விளக்கவும் செயலி நன்றாகவே உதவுகிறது. 2 பேனா 3 பென்சில் 40 ரூபாய் என்று ஒரு ரசீது. 4 பேனா 6 பென்சில் 80 ரூபாய் என்று இன்னொரு ரசீது. இரண்டாவது கோடு முதல் கோட்டின்மேல் படிந்து ஒன்றாகிவிடும். இரண்டாவது ரசீதில் புதிய செய்தி எதுவும் இல்லை, ஆகவே பேனா விலை தெரியாது. 80-க்குப் பதில் 90 என்று இருந்தால் கோடுகள் இணையாக ஓடும். ஏதோ ஒரு ரசீதில் தவறு இருக்கிறது அல்லது கடைக்காரர் விலையை மாற்றியிருக்கிறார். விகிதங்களை ஒப்பிடும் விதியை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்தத் திரையைப் பார்ப்பது நல்லது.

எல்லா வாக்கியக் கணக்குக்கும் இது இதே அளவு பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆட்களும் நாட்களும் வரும் வேலைக் கணக்கில், ஒருவர் தனியாக முடிக்கும் நாட்களையே மாறியாக எடுத்தால் சமன்பாட்டில் மாறி கீழே போய்விடும். திரையில் வருவது கோடாக இராது, வளைவாக இருக்கும். ஒரு நாளில் ஒருவர் முடிக்கும் பங்கை மாறியாக எடுக்கச் சொல்லிவிட்டால் மீண்டும் நேர்கோடு வந்துவிடும். ஆனால் அந்த எண்கள் ஒன்றுக்கும் மிகக் குறைந்த பின்னங்களாக இருப்பதால், இம்முறை திரையை விரித்து விரித்துத் தேட வேண்டியிருக்கும். நீரோட்டத்தோடும் எதிர்த்தும் சென்ற தூரமும் நேரமும் தனித்தனியே கொடுக்கப்பட்ட படகுக் கணக்குகளில் இத்தகைய தொல்லை இல்லை.

சிறு திரையில் அச்சில் உள்ள எண்கள் நெருங்கிப் போவதும், இரண்டு கோடுகளின் சாய்வு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் வெட்டும் இடம் கண்ணுக்குப் புலப்படாததும் உண்மை. வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால் உலாவியில் அதன் தளத்தைத் திறந்து பயன்படுத்துங்கள்; பயனர் கணக்குத் தொடங்காமலேயே வரைந்து பார்க்கலாம். தேர்வுக்கூடத்தில் கைபேசி கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அங்கே அளவுத்திட்டம் தேர்ந்தெடுப்பதும், அச்சு வரைவதும், புள்ளிகளைக் குறித்து அளவுகோலால் இணைப்பதும் கைப்பழக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண் உண்டு. திரையில் தானாக வரும் கோட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அளவுத்திட்டம் எழுதத் தோன்றாது. ஆகவே எங்கள் மாடியில் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டிருக்கிறோம். வாக்கியத்தைப் படித்து நோட்டில் மாறி என்ன என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். சமன்பாடு எழுத வேண்டும். அதன் பிறகுதான் கைபேசியைத் தொடலாம். விடை கதைக்குப் பொருந்தினால் கையாலும் ஒருமுறை தீர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கணக்கையாவது வரைபடத்தாளில் வரைய வேண்டும். ஏழு பேருக்கு இரண்டு கைபேசிகள் போதுமானவையாக இருந்தன. சொல்லப்போனால் ஒரு கைபேசியைச் சிலர் பகிர்ந்துகொள்வதே நல்லது, ஏனெனில் ஒருவர் தட்டும்போது இன்னொருவர் வாக்கியத்தை உரக்கப் படிக்கிறார்.

பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வருகின்றன. அதற்கு ஜியோஜீப்ராவில் முப்பரிமாணத்துக்கென்று தனிச் செயலியே இருக்கிறது. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தளமாக வரும், திரையைச் சுழற்றிப் பார்க்கலாம். நான் நம்பிக்கையோடு நிறுவினேன். ஆனால் மூன்று வண்ணத் தளங்கள் ஒன்றை ஒன்று ஊடுருவி நிற்கும்போது அவை எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதைக் கைபேசித் திரையில் அந்த இரு பிள்ளைகளாலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை, எனக்கும் கடினமாகவே இருந்தது. கடைசியில் கைபேசியை வைத்துவிட்டு அறையின் மூலைக்கு அவர்களை அழைத்துப் போனேன். இரண்டு சுவர்களும் தரையும் சேரும் இடத்தில் ஒரு சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தேன். இந்தச் சுவர் ஒரு வாக்கியம், அந்தச் சுவர் ஒரு வாக்கியம், இரண்டும் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. தரை மூன்றாவது வாக்கியம் என்றேன். பிறகு திரும்பி வந்து திரையைச் சுழற்றியபோது, அந்தப் புள்ளியை அவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள்.